களிமண் வாடகைக்கு

அறுபது மடிக்கணினிகள் ஒன்றாக மூடினால்
சீட்டுக்கட்டைத் தட்டி அடுக்கும் சத்தம்:
மெலிதாக, ஒழுங்காக,
கொஞ்சம் வருத்தத்தோடு.

பெர்கன் நகரம். மண் படிவுகள் பற்றிய பாடம், மூன்றாம் வகுப்பு.
வெளியே மழை என்று அந்த ஊரில்
தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
பேராசிரியர் எல்பியோர்க் சொல்லிவிட்டார்:
"இனி காகிதம், பேனா. அவ்வளவுதான்.
விரல் ஓடினால் மூளை உட்கார்ந்துவிடும்.
கை மெதுவானது. அதனால்தான் யோசிக்கிறது."

என்னுடையது மட்டும் திறந்திருந்தது.
நான் மாணவன் இல்லை. மணிக்கு இவ்வளவென்று கூலி.
சுன்னிவாவுக்குக் காது கேட்காது.
அவளுக்காகக் கேட்டு
அவளுக்காகத் தட்டச்சு செய்ய
பல்கலைக்கழகம் என்னை அமர்த்தியிருந்தது.

எல்லாவற்றையும் அடிப்பேன்.
பனியாறு பின்வாங்கிய காலத்தை,
நடுவில் வந்த இருமலை,
"ப்ரொஜெக்டர் மறுபடியும் செத்துவிட்டதா?" என்பதை,
பின்வரிசைச் சிரிப்பை, அடைப்புக்குறிக்குள்.
குழாய்க்கு என்ன தெரியும் தண்ணீரின் ருசி?
டிராமில் அக்காள் மகன் கேட்டான்,
"இன்றைக்கு என்ன பாடம், மாமா?"
ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று தலைகள் எல்லாம் திரும்பின.
அதுவரை அவளைப் பற்றித் தெரியாதவர்களுக்கும்
தெரிந்துபோயிற்று.
இருட்டுத் தெருவில்
விளக்கு அணைக்க மறந்த ஒரே வீடு போல
எங்கள் மேசை.

"மூடு, டோர்மோட்" என்றாள்.
அவள் குரலுக்கு அளவு தெரியாது.
முழு அரங்குக்கும் கேட்டது.

மூடினேன்.
பக்கத்து இருக்கை ஆஸ்முண்டிடம் ஒரு தாள் கடன்.
பேனா பிடித்து எத்தனை வருடம்!
பேராசிரியர் அடுத்த வாக்கியத்தில் இருந்தார்,
நான் முந்தியதன் நடுவில்.
வேறு வழியில்லை, பொறுக்கினேன்:
இது வேண்டும், இது வேண்டாம்.
பொய் சொல்வானேன், அன்றுதான் பாடம் புரிந்தது.
கோடையில் ஆறு வண்டலைக் கொண்டுவரும்;
குளிரில், உறைந்த ஏரிக்கு அடியில்,
களிமண் அவசரமில்லாமல் இறங்கும்.
வெளிர் ஒன்று, கறுப்பு ஒன்று.
ஒரு ஜோடி, ஒரு வருடம்.

பெருமையாக நீட்டினேன். பதினோரு வரி.
திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.
"ஒன்றரை மணி நேரம் அவர் வாய் அசைந்ததே."
"முக்கியமானதை எழுதியிருக்கிறேன்."
"யாருக்கு?"

பிறகு சொன்னாள், கோபமே இல்லாமல்
(அதுதான் சுட்டது):
"இருமலையும் கொடு.
எதைத் தள்ளுவது என்று
நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்த வாரம் திறந்தேன்.
எல்பியோர்க் பலகைப் பக்கம் திரும்பி
ஏற்கெனவே அழித்திருந்ததை
வெகுநேரம் அழித்தார்.
அதற்கடுத்த வாரம் ஆஸ்முண்டும் திறந்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் கால்பந்து பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.
இருந்தாலும் எங்களோடு இன்னொரு விளக்கு.

டிசம்பரில், கடைசி நாள், நோட்டைக் காட்டினாள்.
நான் அடித்தது லட்சம் சொல்லுக்கு மேல்.
அவளிடம் பதினான்கு வகுப்புக்குப் பதின்மூன்று பக்கம்,
மழுங்கிய பென்சிலில் கோடும் அம்புமாக.
மூன்றாவதின் இடத்தில்
என் தாளை ஒட்டியிருந்தாள்,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உதிர்ந்தால்
களிமண் வாடகை ஆகிவிடும்.
அக்டோபரில் ஒருநாள் உதிர்த்திருக்கிறேன்.
அவள் திருத்தவில்லை.
ஏரிக்கடியில், கறுப்பு அடுக்கின்மேல்
சின்னதாய் ஒரு பலகை நட்டிருந்தாள்:

வாடகைக்கு.
ஒன்பதாயிரம் வருடப் பழையது.
ஈரம் உண்டு.
முன்பணம் வேண்டாம்.